புழுக்காரி

ரெட்டியார்சத்திரத்தில் வினோலியா வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. புழுக்காரி வீடு என்று கேளுங்கள், டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வந்து வழி காட்டுவார்கள். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. முதலில் கோபம் வந்தது. இப்போதெல்லாம் போனை எடுத்தாலே "புழுக்காரி பேசுறேன்" என்று நானே சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் அவர்களுக்குக் கிண்டல் செய்ய ஒன்றும் இருக்காது.

நான் வளர்ப்பது நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீரை லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக நெளியும். மண்ணில் ஊற்றினால், வேரைத் தின்கிற தடித்த வெள்ளைப்புழுவைத் தேடிப் போய், அதன் உடம்புக்குள் நுழைந்து, இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். செத்த புழு செங்கல் நிறத்தில் கிடக்கும். வேருக்கும் கெடுதல் இல்லை, மனிதருக்கும் கெடுதல் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இந்தப் பக்கத்து விவசாயிக்கு நூற்புழு என்றாலே தக்காளி வேரில் முடிச்சுப் போடுகிற சனியன்தான். அது வேறு ஜாதி, இது வேறு ஜாதி என்றால், "புழுவுலயுமா தாயி ஜாதி?" என்று சிரிப்பார்கள். நத்தம் பக்கம் கடலைக்காட்டுக்காரர் சிலர் மட்டும் வாங்கி ஊற்றிப் பார்த்துவிட்டு, மறு வருடமும் வந்தார்கள். அவர்களை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

என் அண்ணன் மிக்கேல்ராஜுக்குச் சிறுமலையில் காப்பித் தோட்டம். வீடு திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். ஐந்து வருடமாக அந்தத் தோட்டத்து மண்ணில் வெள்ளைப்புழு. காப்பிக் கன்று வைத்து, ஒரு வருடம் வளர்ந்து, நாலு இலை விட்டு, பார்க்கப் பச்சையாக நிற்கும். திடீரென்று ஒருநாள் துவளும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், அடியில் வேர் இருக்காது. முதல் நடவு அப்படிப் போனது. இரண்டாவது நடவுக்கு அண்ணன் குருணை மருந்தாக வாங்கிக் கொட்டினான். நாற்றம் தாங்க முடியவில்லை, மண்புழு எல்லாம் செத்தது, வெள்ளைப்புழு மட்டும் சாகவில்லை. இப்போது நிற்பது மூன்றாவது நடவு. அதிலும் ஓரத்து வரிசைகள் துவள ஆரம்பித்துவிட்டன.

அண்ணனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மலை ஏற முடியாது. தோட்டத்தைப் பார்ப்பவன் அவன் மகன் ஆண்டனிராஜ். இருபத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டான். அவனுக்குக் கத்தாரில் ஒரு வேலை தயாராக இருந்தது, திருச்சி ஏஜென்சிக்காரன் வாரம் தவறாமல் போன் போட்டுக்கொண்டிருந்தான். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னான்.

"இந்த மழைக்குச் செடி பிழைச்சு நின்னா ஆண்டனி இங்கயே இருக்கட்டும். தோட்டம் அவனுக்கு. இல்லாட்டிப் போகட்டும். வந்தவன் கையில தோட்டத்தத் தள்ளிவிட்டுட்டு நானும் தலைமுழுகிர்றேன்."

அண்ணன் எப்போதும் இப்படித்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. நான் மட்டும் என்ன? நானும்தான் கேட்கவில்லை. ஆண்டனி குனிந்தபடி ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

மதினி சகாயராணிக்குத்தான் அது பொறுக்கவில்லை. கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் தம்பி சவூதிக்குப் போனவன், பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. கத்தார் வேறு, சவூதி வேறு என்று அவளிடம் யார் சொல்வது? அவளுக்கு விமானத்தில் போகிற ஊர் எல்லாம் ஒரே ஊர்தான். மகன் போகக்கூடாது. அதற்குச் செடி பிழைக்க வேண்டும். அவள் ஜெபம் எல்லாம் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போய், "மதினி, அழாதீங்க. நான் என் புழுவ விட்டுப் பாக்குறேன்" என்றேன்.

"ஏத்தா, இருக்குற புழு பத்தாதுன்னு நீ வேற புழுவக் கொண்டாந்து விடுறேங்குறியா?"

பழையபடி தொண்டை வற்ற ஆரம்பித்தேன். அது கண்ணுக்குத் தெரியாது, மண்ணுக்குள் கூடவே இருக்கும், கெட்டதைத் தேடிப் போய்க் கொல்லும், நல்லதைத் தொடாது. மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க முகம் தெளிந்தது.

"கண்ணுக்குத் தெரியாது, கூடவே இருக்கும். அப்பக் காவல் சம்மனசு மாதிரின்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்புழுவைத் தேவதூதனாக்கி இறக்கை ஒட்ட வைத்தவள் உலகத்திலேயே என் மதினி ஒருத்தியாகத்தான் இருப்பாள். "ஆமா மதினி, சம்மனசுதான்" என்றேன், பேச்சு முடிந்தால் போதும் என்று.

ஆண்டனி பத்து நாள் என் புழுக் கொட்டகைக்கு வந்து கூடமாட வேலை செய்தான். நூற்புழுவுக்கு இரையாக வளர்க்கிற புழுக்களுக்குத் தவிடும் தேனும் பிசைந்து வைப்பது, நூற்புழு ஏறிச் செத்ததைத் தட்டில் அடுக்குவது, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி வருகிற நூற்புழுக் குட்டிகளை ஸ்பாஞ்சில் ஏற்றுவது. கை சுத்தமான பையன், சொன்னதைச் சொன்னபடி செய்வான். முதல் நாளே அவன் போர் தண்ணீரைப் பிடித்து வந்தான். கீழே கொட்டச் சொன்னேன்.

"ஏலே, இது உப்புத் தண்ணி. உப்பு பட்டா இதுக செத்துப்போகும். குழாயில வார நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

"சோப்பு?"

"சோப்பும் ஆகாது, மருந்தும் ஆகாது, வெயிலும் ஆகாது. மாப்பிள்ளை மாதிரிப் பாத்துக்கிறணும்."

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பையனுக்கு வேலை பிடித்துவிட்டது, இனி எங்கே போகப்போகிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊற்றுவது என்று முடிவானது. வெயில் இறங்கின பிறகுதான் ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சில் இருக்கிற புழு தண்ணீருக்குள் இறங்க நேரமும் வேண்டும். அதனால் மேட்டுப்பட்டி வீட்டிலேயே மத்தியானம் ஊறவைத்துவிட்டால், ஜீப்பில் மலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கொல்லையில் மூடி போட்ட இரண்டு நீல வாளி வைத்தேன். குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரையே மதினி கொடுத்தாள். ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டு, ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். தண்ணீருக்குள் மெல்லிய நூல்தூசி சுழன்றது.

"அம்புட்டும் உசுரா?" என்றாள் மதினி.

"அம்புட்டும் உசுருதான்."

டம்ளருக்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஏழெட்டு வைத்திருந்தாள், கல்யாண வீடு தோற்றது. சாப்பிட்டு முடித்து நான் வாசலுக்கு வந்தேன். ஜீப்காரர் முகமது பாரூக், "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே வராமல் இருந்தார். அவரோடு கத்திக்கொண்டிருந்ததில் கொல்லைப்பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. டிரம் தண்ணீரில் வாளித் தண்ணீரைக் கலந்து, செடிக்குச் செடி ஊற்றினோம். ஆண்டனி முன்னால் போய் மண்ணைக் கிளறிவிட்டான், நானும் இரண்டு வேலைக்காரப் பெண்களும் பின்னால் ஊற்றிக்கொண்டே போனோம். லேசாகத் தூறல் விழுந்தது. நனைந்துகொண்டே வேலை பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் புழுவுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து எல்லோரும் போனோம். அண்ணனை ஜீப்பிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினோம். மதினி செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் வந்தாள். முதல் செடியின் அடியில் ஆண்டனி தோண்டினான். வெள்ளைப்புழு சுருண்டு கிடந்தது. மண்வெட்டி பட்டதும் நெளிந்தது, கொழுத்து, வழவழவென்று, தலை மட்டும் பழுப்பாக.

"ஒண்ணு தப்பியிருக்கும்" என்றேன்.

அடுத்த செடி. அடுத்த வரிசை. தோட்டத்தின் அந்தக் கோடி. ஒன்றாவது சிவந்து கிடக்காதா என்று நானே மண்ணைக் கையால் பிசைந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் மட்டும் துவண்டிருந்த செடிகள் இப்போது நடுவிலும் துவண்டிருந்தன. அண்ணன் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. அதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பி நடந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் ஏஜென்சிக்காரனுக்கு அண்ணனே போன் போட்டான்.

அத்தனை வருடம் நம்பி வளர்த்த புழு என்னைத் தலைகுனிய வைத்துவிட்டது. அதே தட்டிலிருந்து எடுத்து என் கொட்டகையில் வெள்ளைப்புழு மேல் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் செங்கல் நிறத்தில் செத்துக் கிடந்தது. புழுவில் குறை இல்லை. அப்புறம் எங்கே போனது? மலையில் குளிரா? மண்ணில் பழைய மருந்தா? பைத்தியம் பிடிக்காத குறையாகக் கொட்டகைக்குள் நடந்தேன்.

மலையிலிருந்து திரும்பிய நீல வாளிகள் கழுவாமலே மூலையில் கிடந்தன. காய்ந்துபோன அடியிலும் பக்கத்திலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கழுவலாம் என்று எடுத்தபோது விரலில் நறநறவென்று ஒட்டியது. கொட்டகைச் சாமான் எதையும் நான் வாயில் வைக்கமாட்டேன். அன்று வைத்தேன்.

உப்பு.

போர் தண்ணீர் காய்ந்தால் இப்படிப் படியாது. இது கிலோக் கணக்கில் கொட்டிய உப்பு. கையில் வாளியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் மதினி செவ்வாய்க்கிழமை கல்லுப்புப் பொட்டலத்தோடு கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் மந்திரித்து வாங்கி வருவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குளிக்கிற தண்ணீரில், மாடு கன்று போட்டால் தொட்டியில், கிணறு தோண்டினால் கிணற்றில். எங்கள் ஆட்கள் செய்வதுதான். சம்மனசுகளுக்கு மட்டும் செய்யாமல் இருப்பாளா?

என் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. இத்தனை நாள் என் புழுவைப் பழி சொல்லிக்கொண்டு கிடந்தேனே! வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மேட்டுப்பட்டி போனேன். இதை அண்ணன் முன்னால் வைத்து, மதினி முன்னால் வைத்து, நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, இன்னும் மூன்று வாரம் கொடு, மறுபடி புழு தயார் செய்கிறேன், நடுத்தோட்டத்தில் பாதிச் செடியாவது பிழைக்கும் என்று அண்ணன் காலில் விழுந்தாவது கேட்க வேண்டும்.

வீட்டில் ஆண்டனி மட்டும் இருந்தான். கட்டிலில் புதுப்பெட்டி திறந்து கிடந்தது, சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். மதினி கோயிலுக்கும் அண்ணன் மூட்டு டாக்டரிடமும் போயிருந்தார்கள். வாளியை அவன் முன்னால் தரையில் அடித்து வைத்தேன்.

"இதப் பாருலே. உங்கம்மா பண்ணுன காரியத்தப் பாரு."

அவன் வாளிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் அத்தே."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் கொல்லைக்குக் கை கழுவப் போனேன். அம்மா வாளிக்கு ஒரு பொட்டலமாக் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னப் பாத்துச் சிரிச்சுச்சு."

நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உப்பு பட்டால் செத்துவிடும் என்று அந்த வீட்டில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"சொல்ல வேண்டியதுதானலே? ஓடி வந்து எங்கிட்டயாச்சும் சொல்ல வேண்டியதுதானலே? மலையில எனக்கு முன்னால மண்ணக் கிளறிக்கிட்டே போனியே, அத்தனையும் செத்த தண்ணின்னு தெரிஞ்சேவா போன?"

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். அம்மா மூஞ்சியப் பாத்ததும் வரல." ஒரு சட்டையை மடித்துவிட்டு மறுபடி பிரித்தான். "அப்புறம் வேணும்னேதான் சொல்லல."

"ஏன்?"

"மூணு தடவ குழி எடுத்துட்டேன் அத்தே. அஞ்சு வருசமா இதே வேலை. புடுங்கிப் போட்டு, குழி எடுத்து, நட்டு, திரும்பப் புடுங்கிப் போட்டு. இந்தத் தடவ பிழைச்சா சாகுற வரைக்கும் அங்கதான். அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நீங்களும் கேக்கல. செடிகிட்டத்தான் கேட்டீங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "இப்ப நீங்க சொன்னா அப்பா இன்னும் ஒரு மழை பாக்கலாம்பாரு. அம்மா தன் கையாலயே கொன்னுட்டோம்னு விழுந்து சாகும். சொல்லாதீங்க அத்தே. நான் போறேன்."

கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழாயில் கழுவினேன். மறுபடி மறுபடி தேய்த்துக் கழுவினேன். மதினி வந்து பார்த்து, "எதுக்கு வினோ இம்புட்டுத் தேய்க்குற?" என்று கேட்டாள். அழுக்கு என்றேன்.

அவன் போகிற நாள் சாயங்காலம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். திருச்சியில் விமானம், அண்ணன் கூடப் போகிறான். மதினி நடக்கும்போதே மகன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பெரிய பிள்ளையை அப்படிப் பிடித்துக்கொண்டு போவதைப் பூக்கடைக்காரி வேடிக்கை பார்த்தாள். ஆண்டனி கையை உருவவில்லை.

திருச்சி பஸ் வந்து நின்றது. அண்ணன் பெட்டியை ஏற்றினான். அப்போதுதான் மதினி என் பக்கம் திரும்பினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வினோ, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. என்ன கொறை வச்சோம்? நல்ல தண்ணி குடுத்தேன். செவ்வாக்கிழமைதான் ஊத்துனோம். ஒருவேளைச் சோத்தோட அந்தோணியாருக்கு ஒருசந்தி இருந்தேன். உன் புழு ஏன் சாகடிக்கல?"

ஆண்டனி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான். அவன் என்னைப் பார்க்கிறான் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. என்னிடம் இருந்தது இரண்டே பதில். உன் கையால் கொன்றாய் என்று சொல்லலாம். உன் மகன் பார்த்துக்கொண்டு நின்றான் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. எதைச் சொன்னாலும் அவள் அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து உயிரோடு வீட்டுக்கு வரமாட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம், அவன் மேலும் கோபம், எதையும் கேட்காமல் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் மேல் எல்லோரையும்விடக் கோபம். அத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு நான் பொய்தான் சொன்னேன்.

"என் புழு சரியில்ல மதினி. வளத்ததுலயே கோளாறு. செத்த புழுவத்தான் கொண்டாந்து ஊத்தியிருக்கேன்."

மதினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உசுருன்னு காட்டுனியே வினோ" என்றாள். "டம்ளர்ல காட்டுனியே."

கண்டக்டர் விசில் ஊதினான். ஆண்டனி அம்மாவை ஒரு தடவை கட்டிப்பிடித்துவிட்டு ஏறிவிட்டான். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்காது. பஸ் கிளம்பியது. ஜன்னலில் அவன் முகம் தெரிகிறதா என்று மதினி எட்டி எட்டிப் பார்த்தாள். அவன் உட்கார்ந்தது அந்தப் பக்கம்.

மேட்டுப்பட்டிக்கு ஆட்டோ பிடித்தேன். மதினி முதலில் ஏறினாள். பக்கத்தில் எனக்கு இடம் இருந்தது. நான் காலைத் தூக்கி வைக்கப் போனேன். அவள் மடியில் இருந்த பையை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, "போங்கண்ணே" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.